விசா கிடைக்காததற்கு நேர்ந்த துணி

மார்ச் 4, ஞாயிறு

காலையில் ஓர் அறுவடை மிஷினுக்கு பெல்ட் மாற்றினேன். பிறகு விமானத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

விமானம் என் மனைவி ஷிந்தர் வாங்கியது. பிளாஸ்டிக், நாலு எஞ்சின். மகள் நவ்ரீத்துக்குக் கனடாவில் படிக்க விசா கிடைக்க வேண்டும் என்று பக்கத்து ஊர் குருத்வாராவில் வைப்பதற்காக. பஞ்சாபில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் வைக்கிறார்கள். ஆனால் கைக்கு அடக்கமானதாக வைக்கிறார்கள். ஷிந்தருக்கு அடக்கம் என்பது எதிலும் கிடையாது. பஸ்ஸில் ஓர் இறக்கை ஜன்னலுக்கு வெளியே போயிற்று, இன்னோர் இறக்கை முன்சீட்டுக்காரரின் தலைப்பாகையில் முட்டிக்கொண்டு நின்றது.

கண்டக்டர் கேட்டான்: "சர்தார்ஜி, இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"மடியில வச்சிருக்கேன்லப்பா."

"பார்த்தா அதுதான் உங்கள மடியில வச்சிருக்கற மாதிரி இருக்கு."

குருத்வாராவில் ஷிந்தர் கண்ணை மூடினாள். நவ்ரீத் மூடினாள். நானும் மூடினேன். தப்பு அங்கேதான் நடந்தது. 'கிடைக்கட்டும்' என்று சொல்லத்தான் போனேன். மனசு 'கிடைக்காமல் போகட்டும்' என்று சொல்லிவிட்டது. சொன்னதோடு நிற்கவில்லை. பெரிய இடத்தில் கேட்கிறோம், சும்மா கேட்கக்கூடாது என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிர்ச் சுவரில் பழைய தர்ஷன் துவார் ஒன்று தொங்கியது. சிவப்புத் துணியில் பட்டு நூலால் வாசல் வாசலாகப் பின்னியிருந்தது. நேர்ந்தது பலித்தால் அந்தக் காலத்துப் பெண்கள் தைத்துக் கொடுப்பார்களே, அது. 'இதேபோல் ஒன்று என் கையாலேயே தைத்துக் கொடுக்கிறேன்' என்று நேர்ந்துகொண்டேன்.

எதிரே மின்விசிறி இருந்திருந்தால் மின்விசிறி நேர்ந்திருப்பேன். அதைக் கழற்றி மாட்டவாவது தெரியும்.

பயமில்லை. வேண்டியவர்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் அந்தப் பக்கம். போதாததற்கு நாலு எஞ்சின். நான் தோற்றுவிடுவேன்.

மார்ச் 5

ஏன் அப்படிக் கேட்டேன்? ஒரே மகள் என்பதாலா? அவள் போய்விட்டால் டீயில் இஞ்சி தட்டிப் போட ஆள் இல்லை என்பதாலா? இஞ்சிக்காக ஒரு பெண்ணின் பிழைப்பை நிறுத்துவாயா லாப் சிங்?

தெரியவில்லை.

மார்ச் 21, புதன்

விசா கிடைக்கவில்லை.

கடிதத்தை நவ்ரீத் இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். 'படிப்பு முடிந்ததும் நீங்கள் சொந்த நாட்டுக்குத் திரும்புவீர்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை' என்று அங்கிருக்கும் அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் ஏற்படவில்லை ஐயா. முன்பின் பார்க்காத ஒரு கனடாக்காரருக்கும், நாபா ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எட்டாம் கிளாஸ்காரனுக்கும் எவ்வளவு கருத்து ஒற்றுமை!

ஷிந்தர் அழுதாள். நவ்ரீத் அழவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

நான் நாலாவது ரொட்டிக்குக் கை நீட்டியபோது ஷிந்தர் பார்த்துவிட்டாள். "எப்படிங்க இறங்குது உங்களுக்கு?"

இறங்கியது. அதுதான் வெட்கக்கேடு. வெண்ணெய் வேறு கேட்டிருக்கிறேன்.

படுத்த பிறகுதான் நினைவு வந்தது. துணி!

மார்ச் 22

நாபா போய்க் கைத்தறி முரட்டுத் துணியும், மஞ்சள், வெள்ளை, பச்சைப் பட்டு நூலும் வாங்கினேன்.

"வீட்ல கல்யாணமா?" என்றார் கடைக்காரர்.

"டிராக்டருக்கு சீட் கவர்."

"டிராக்டருக்குப் பட்டு நூலா?"

"புது டிராக்டர்."

மார்ச் 24, சனி

பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து தைத்தேன். ஊசியில் நூல் கோக்க முக்கால் மணி நேரம். கை முழுக்கக் காய்ப்பு. பட்டு நூல் முள்வேலியில் மாட்டிய துப்பட்டாபோல் விரலில் சிக்குகிறது. வெல்டிங் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். துணியே தெரியவில்லை.

ஷிந்தர் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னங்க இது?"

"வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"நவ்ரீத் விசா விஷயமா ஒண்ணு…"

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. வேண்டுமானால் எண்ணிப் பார்க்கலாம்.

அவள் துப்பட்டாவை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்து நாலு வருஷத்துல சொந்தச் சட்டைக்கு ஒரு பட்டன் தச்சதில்ல நீங்க. இப்போ மகளுக்காக…" என்று சொல்லி என் தலைப்பாகையைத் தொட்டாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அடுத்த முறை விசா கிடைக்க லாப் சிங் தன் கையாலேயே தர்ஷன் துவார் தைக்கிறானாம்.

மார்ச் 25

பச்சனோ அண்ணி வந்தாள். என் பெரியப்பா மகனின் சம்சாரம். ஊரில் பட்டுப் பூவேலை என்றால் அவள்தான்.

"லாப் சிங்! தலைப்பாகைக்கு மேலயே முக்காடு போட்டுக்கறியா, இல்ல கழட்டிட்டா?"

நான் தைத்ததை விரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "கோதுமை மூட்டைக்கு வாய் தச்சிருக்கே. நல்லா உறுதியா இருக்கு. எலி புகாது."

பிறகு பிரித்துப்போட்டுவிட்டுச் சொல்லிக் கொடுத்தாள். துணியின் முதுகுப் பக்கத்திலிருந்துதான் தைக்க வேண்டுமாம். கோடு போடக்கூடாது. இழையை எண்ணி எண்ணி ஊசியை விட வேண்டும். பட்டு முழுக்க அந்தப் பக்கம் போய் விழும். நம் கண்ணுக்குத் தெரிவது முதுகு மட்டும்.

"முகத்தைப் பார்க்காமலா தைக்கிறது அண்ணி?"

"கட்டிக்கறதுக்கு முன்னாடி ஷிந்தர் முகத்தைப் பார்த்தியா நீ? குடும்பம் ஓடல?"

ஷிந்தர் உள்ளேயிருந்து, "எனக்கும் காட்டல அண்ணி, அதைச் சொல்லுங்க" என்றாள்.

ஏப்ரல் 2

மத்தியானம் அண்ணி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தைக்கிறேன். நாலு கட்டில், நாலு பெண்கள், நான். கைக்குக் கடலைமாவு தேய்த்துக்கொண்டால் நூல் சிக்குவதில்லை. என்னை வறுத்துவிடுவார்களோ என்றுதான் பயம்.

முதல் இரண்டு நாள் நான் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் நிறுத்தவில்லை. ஊரில் உள்ள எல்லாப் புருஷன்களைப் பற்றியும் இப்போது எனக்குத் தெரியும். என்னைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். நான் குறட்டை விடுவது மூன்றாவது வீடு வரைக்கும் கேட்கிறதாம்.

முழு அளவில் தைத்தால் ஒரு வருஷம் ஆகும் என்றாள் அண்ணி. 'நேர்ந்தப்போ அளவு சொன்னியா?' என்று கேட்டாள். சொல்லவில்லை. அப்படியானால் கதவுத்திரை அளவு போதும், மூன்று பட்டையாகத் தைத்துக் கடைசியில் இணைத்துவிடலாம் என்றாள். நடுப் பட்டையில் குருத்வாராவின் வாசல். இரண்டு பக்கப் பட்டைகளில் வாசலைப் பார்த்து வருகிற ஜனங்கள், மாடு, குதிரை, மயில்.

தெய்வத்தோடு ஒப்பந்தம் போடும்போது அளவு எழுதாமல் விட்டது என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அதுவும் மறதியால் நடந்தது.

ஏப்ரல் 19, வியாழன்

அறுவடை. மிஷின் எங்கே நின்றாலும் நான் ஓட வேண்டும். அதனால் துணியும் கூடவே வருகிறது. மிஷின் ஓட்டும் மக்கன் சிங்கின் பக்கத்தில், கேபினில் உட்கார்ந்து தைக்கிறேன். நேற்று குலுக்கலில் ஒரு மாட்டுக்கு ஆறாவது கால் விழுந்துவிட்டது. ஐந்தாவது கால் ஏற்கெனவே என் சொந்தத் தவறு.

மக்கன் மெதுவாகக் கேட்டான். "லாப், ஒரு விமானம் போடேன். என் பையன் ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டிருக்கான். ஓரமா, ஜன்னல் சீட்டுல அவன் தலை தெரியற மாதிரி."

"இது தெய்வத்துக்குக் கொடுக்கிற துணி மக்கன். ரிசர்வேஷன் சார்ட் இல்ல."

ஆனால் அவனோடு நிற்கவில்லை. வயலுக்கு வயல் ஆள் வருகிறது. ஒருவர் மகளின் பாஸ்போர்ட் நகலை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் மகனுக்கு இங்கிலீஷ் பரீட்சையில் அரை மார்க் குறைகிறதாம், அதற்குத் தகுந்த மாதிரி ஏதாவது ஒரு பூ. ஒரு கிழவர் என் ஊசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குத்திவிடப் போகிறதே என்று எனக்குத்தான் உயிர் போயிற்று.

விசா வேண்டாம் என்று வேண்டினவனிடம் விசா கேட்டு வருகிறார்கள். சிரிக்கவும் முடியவில்லை. ஊர் முழுக்க ஒன்றுபோல் சொன்னதால், சரி, விமானம் ஒன்று போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

மே 6, ஞாயிறு

நவ்ரீத் மறுபடி விண்ணப்பம் போடுகிறாள்.

கணக்கு எனக்கு இப்படிப் படுகிறது. நேர்ந்ததை நான் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இழுத்தால், 'இவன் ஏமாற்றுகிறான், அந்த மறுப்பை ரத்து செய்' என்று மேலே உத்தரவாகி அவளுக்கு விசா கிடைத்துவிடலாம். ஆகவே வேகமாகத் தைக்கிறேன். வேகமாகத் தைப்பதைப் பார்த்து ஊர், 'என்ன பாசம், என்ன பாசம்' என்கிறது.

மத்தியானம் நவ்ரீத் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் இடது கை விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சல்லடை.

"பாபு, எனக்காகவா இவ்வளவும்?"

"உனக்காகத்தான்."

இதிலும் பொய் இல்லை. ஆனால் இந்தத் தடவை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. சின்னக் குழந்தையைப்போல் விரலுக்கு ஊதிவிட்டாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. மயிலுக்குக் கொண்டை வைத்தேன்.

மே 20

முதல் தடவை மறுத்ததற்குக் காரணம், ஊரோடு அவளுக்கு இருக்கும் ஒட்டுதலுக்கு ஆதாரம் காட்டாததுதானாம். விசா ஏஜென்ட் சொன்னாராம். நிலப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எல்லாம் நகல் எடுத்தாள். பிறகு பட்டறைக்கு வந்து, நான் மடியில் துணியைப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பதைப் போனில் படம் பிடித்தாள்.

"இது எதுக்கு?"

"ஆதாரத்துக்கு."

"தாடி சீவலையே நான்."

"அதான் நல்லது. நம்புவாங்க."

விமானம் முடிந்துவிட்டது. யாருக்கும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஊர் கேட்டது புறப்படும் விமானம். நான் தைத்தது வந்து இறங்கும் விமானம். இடது பட்டையில், மூக்கு நடு வாசலைப் பார்த்து இருக்கும்படி, இழை எண்ணித் தைத்தேன். தெய்வத்துக்கு மட்டும் புரிந்தால் போதும். எனக்குள்ளும் இவ்வளவு தந்திரம் இருக்கிறதே என்று அரைநாள் பெருமையாக இருந்தது.

ஜூன் 10, ஞாயிறு

மூன்று பட்டையையும் அண்ணி இணைத்துத் தைத்தாள். முற்றம் நிறையக் கூட்டம். இரண்டு பெண்கள் இரண்டு பக்கம் பிடித்து, முதல் முறையாக முகப்பைத் திருப்பிக் காட்டினார்கள்.

பட்டு வெயிலில் தகதகவென்று இருந்தது. நானா தைத்தேன்? அப்புறம்தான் விமானத்தைப் பார்த்தேன்.

மூக்கு வெளியே பார்த்து இருக்கிறது.

பட்டை தனியாக மடியில் கிடந்தபோது முதுகுப் பக்கத்தில் வாசல் திசையைப் பார்த்து வந்தது, திருப்பி இணைத்ததும் முகப்பில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. போகாமல் என்ன செய்யும்? இரும்புத் தகட்டைத் திருப்பிப் போட்டு வெல்டிங் வைக்கிறவன் நான். முப்பது வருஷத் தொழில். இது தோன்றவில்லை! ஜனங்களையும் குதிரையையும் அண்ணி பக்கத்திலிருந்து திசை சொல்லித் தைக்க வைத்தாள். விமானத்தை மட்டும் ரகசியமாகப் பட்டறையில் தைத்தேன். ஊரே உள்ளே வருகிறது, விமானம் மட்டும் வெளியே போகிறது.

"கிளம்பிடுச்சு! கிளம்பிடுச்சு!" என்று மக்கன் கை தட்டினான். ஷிந்தர் எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தாள்.

அண்ணி மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் போன பிறகு மெதுவாகக் கேட்டாள். "வர்ற மாதிரி நெனச்சுத்தானே தச்சே?"

நான் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"ஒண்ணும் குடி முழுகல. அந்தப் பட்டையைப் பிரிச்சு வலது பக்கம் மாத்திட்டா வந்துடும். ஜனங்க திரும்பி நிப்பாங்க, பரவால்ல. சொல்லு, பிரிக்கட்டா?"

அவ்வளவு சுலபம். ஒரு விமானத்தைத் திருப்பினால் நாற்பது பேரும் ஆறு கால் மாடும் வாசலுக்கு முதுகு காட்டுவார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. ஊர் முழுக்க வெல்லம் தின்றுவிட்டது, அதனாலும் இருக்கலாம்.

ஜூலை 11, புதன்

விசா கிடைத்துவிட்டது.

நவ்ரீத் பட்டறைக்கு ஓடி வந்து, கிரீஸ் சட்டை என்றும் பாராமல் கட்டிக்கொண்டாள். "எல்லாம் உங்க படத்தாலதான் பாபு! ஏஜென்டே சொல்றார்!"

போனை எடுத்துக் காட்டினாள். சீவாத தாடியோடு நான், மடியில் விமானப் பட்டையும் வாசல் பட்டையும் அடுத்தடுத்து, முதுகுப் பக்கம் மேலே. கீழே அவள் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னாள்: 'என் தந்தை எனக்காகத் தைக்கும் துணி இது. இதில் உள்ள விமானம் வீட்டு வாசலை நோக்கி வருவதைக் காணலாம். நான் திரும்பி வருவேன்.'

அந்த அதிகாரியும் முதுகுப் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

ஆக, விசா கிடைக்காததற்கு நன்றியாக நான் தைத்த துணியால் விசா கிடைத்திருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? உட்கார்ந்து சிரித்தேன். நவ்ரீத்தும் சிரித்தாள். அவள் சிரித்தது வேறு காரணத்துக்கு.

ஜூலை 14

நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஷிந்தர் மூன்று வண்டி ஏற்பாடு செய்திருக்கிறாள்.

ஜூலை 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குருத்வாரா செயலாளர் முதலில் மூட்டையைப் பார்த்துக் கையை ஆட்டினார். "கிரந்தத்துக்குப் போர்த்தற துணின்னா வேண்டாம்ங்க. மூணு அலமாரி நிரம்பிக் கதவு சாத்த மாட்டேங்குது." சுவரில் மாட்டுவது என்றதும் முகம் மலர்ந்தது. கியானி வந்தார். எங்கள் வேதமான கிரந்தத்தை வாசிப்பவர், வயதானவர். "நேர்ந்துக்கறதெல்லாம் நம்ம வழியில்ல. சரி, ஆசையா கொண்டு வந்துட்டே" என்று வாங்கிக்கொண்டார். மாட்டின் கால்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

எல்லோரும் எழுந்து கைகூப்பி நின்றோம். பிரார்த்தனையில், யார், எதற்காகக் கொண்டுவந்தார் என்று கியானி கிரந்தமாகிய குருவின் முன்னால் சொல்ல வேண்டும். அவர் என் பக்கம் குனிந்து கேட்டார்.

"பொண்ணுக்கு விசா கிடைச்சதுக்குத்தானே?"

ஒரு தலையாட்டல் போதும். அவ்வளவுதான் என் வேலை. கடைக்காரரிடம் டிராக்டர் என்றேன், மனைவியிடம் வேண்டுதல் என்றேன், மகளிடம் உனக்காக என்றேன். எல்லாவற்றுக்கும் ஆடிய தலை அங்கே ஆடவில்லை. எதிரே கிரந்தம். யாரிடம் கேட்டேனோ அவர் முன்னாலேயே வேறு ரசீது எழுதச் சொல்வதா?

"இல்ல கியானி ஜி" என்று அவர் காதில் சொன்னேன். "மார்ச் மாசம் கிடைக்காம போச்சே, அதுக்கு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எத்தனையோ ஆயிரம் பிரார்த்தனை சொன்ன அதே குரலில், ஒரு பிசிறு இல்லாமல், மைக்கில் ஆரம்பித்தார்:

"சத்குருவே! உங்கள் அடியவன் லாப் சிங், தன் மகள் நவ்ரீத் கௌருக்கு மார்ச் மாதத்தில் விசா மறுக்கப்பட்டதற்கு நன்றியாக, தன் கையால் தைத்த இந்தச் சேவையைக் கொண்டு வந்திருக்கிறார். ஏற்றருள வேண்டும்!"

"வாஹேகுரு!" என்றது கூட்டம், பழக்கத்தில். மூன்று வண்டி ஜனமும் சேர்ந்து. அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது புத்திக்குப் போயிருக்க வேண்டும். தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. பெண்கள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

அல்வாப் பிரசாதம் கொடுத்தவர் எனக்கு மட்டும் சின்ன உருண்டையாக வைத்தார்.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் நவ்ரீத் நின்றிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நாலு மாசம் பாபு. நாலு மாசமா என்கிட்ட என்ன குறைன்னு தினமும் யோசிச்சிட்டு இருந்தேன்."

நான் — எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாத் தோணல. உன்கிட்ட ஒரு குறையும் இல்ல புள்ள, எல்லாம் இந்தப் பாவிகிட்டதான்னு சொல்லியிருக்கணும். வாயில அல்வா. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

அவள் வேறு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஜூலை 16

ஷிந்தருக்குக் கோபம் வேறு மாதிரி.

"நாலு எஞ்சின் விமானம் வச்சேன் நான். உங்க வெறும் வாய் அதை ஜெயிச்சிடுச்சா?"

"தெரியாம ஜெயிச்சுட்டேன்."

"இனிமே உங்களைக் கூட்டிட்டுப் போனா வாயைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போவேன்."

"நான் மனசுலதானே வேண்டினேன்."

"அதையும் கட்டறேன்."

ஆகஸ்ட் 3

நவ்ரீத் என்னோடு பேசுவதில்லை. ஷிந்தர் வழியாகத்தான் எல்லாம். "அம்மா, அவர் பெட்டிக்கு எடை பார்த்துட்டாரான்னு கேளுங்க." நான் அதே அறையில்தான் இருக்கிறேன். "ஷிந்தர், இருபத்து மூணு கிலோன்னு சொல்லு." ஷிந்தர் நடுவில் நின்று, "இருபத்து மூணு கிலோவாம்" என்கிறாள். கோர்ட் மாதிரி இருக்கிறது.

டீ மட்டும் அவள் கையால் வருகிறது. இஞ்சி இல்லாமல்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

டெல்லி. மத்தியானம் விமானம். வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்கள்.

"அம்மா, அந்தப் பையைக் கொடுக்கச் சொல்லுங்க."

என் கை பையை விடவில்லை. வேண்டுமென்று இல்லை, பட்டை விரலில் மாட்டிக்கொண்டது என்று எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன். வேண்டுமென்றுதான்.

அப்புறம் விட்டேன். தலையில் கை வைத்தேன். கை எடுக்கும்வரை தலையை நகர்த்தாமல் நின்றாள். போய்விட்டாள்.

திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் ஷிந்தர் ஆறு ரொட்டி சொன்னாள். ஆறும் அப்படியே இருந்தன.

செப்டம்பர் 9, ஞாயிறு

இப்போது வேறு மாதிரி ஆட்கள் வருகிறார்கள்.

போன மாதத்திலிருந்து இதோடு மூன்று பேர். எல்லோரும் அப்பாக்கள். பட்டறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஏதாவது ஒரு நட்டு, போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மழை வந்ததா, நெல் எப்படி என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்கிறார்கள்.

இன்று வந்தவன் மக்கன். ஜன்னல் சீட்டு கேட்ட அதே மக்கன். பையனுக்கு நேர்காணல் தேதி வந்துவிட்டதாம்.

"லாப்… சின்னத் துணி போதும். விமானம்கூட வேண்டாம். ஒரு வாசல் மட்டும். நீ நேர்ந்துக்கிட்டா, அந்தப் பக்கம் மறுப்பு… வந்துடும்ல…"

"என் துணிக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது மக்கன். எந்தப் பக்கம் பலிக்கும்னு எனக்கே தெரியல. நான் வேண்டாம்னேன், அது அனுப்பி வச்சிடுச்சு."

தலையைக் குனிந்துகொண்டான்.

"பையன்கிட்ட வாயைத் திறந்து சொன்னியா? போகாதேடான்னு?"

"நீ சொன்னியா?"

டீ போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். நட்டை மறந்துவிட்டுப் போய்விட்டான்.

செப்டம்பர் 30

ஷிந்தர் போனுக்குத் தினமும் அழைப்பு வருகிறது. பேசும்போது போனை என் பக்கமும் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கிறாள். அறை சின்னது, குளிர் ஆரம்பித்துவிட்டது, ரொட்டி கருகுகிறது. எல்லாம் எனக்குக் கேட்கிறது. நான் பேப்பர் படிப்பதுபோல் இருக்கிறேன். நேற்று பேப்பர் தலைகீழாக இருந்ததாம்.

அக்டோபர் 28, ஞாயிறு

காலையில் நெல் அறுவடைக்கு மிஷின் கிளப்பிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. என் போன். கனடா நம்பர்.

எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மக்கனைப் பார்த்து எஞ்சினை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"பாபு, ஹீட்டர் ஒரு மாதிரி சத்தம் போடுது" என்றாள்.

தண்ணீர் கேட்பதுபோல், நேற்றும் பேசினதுபோல்.

"எந்த மாதிரி? கரகரன்னா, உய்யுன்னா?"

"தெரியல. நீங்களே கேளுங்க."

போனை ஹீட்டரிடம் வைத்தாள். வரப்பில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு மேல் கேட்டேன். விசிறி ஓடும் சத்தம். நடுவில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம். அவள் நடக்கும் சத்தம்.

முப்பது வருஷம் மிஷின் சத்தம் கேட்ட காது இது. ஹீட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

"இப்போ சொல்ல முடியாது" என்றேன். "நாளைக்கும் கேட்டாத்தான் தெரியும்."

"சரி பாபு. நாளைக்கு இதே நேரம்" என்றாள்.